நிரம்பினால் கொட்டிவிடும் கோப்பை

எங்கள் கல்யாண நாள் நவம்பரில் வருகிறது. 25-ஆவது ஆண்டை வியட்நாமில், ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊரில் கழிக்க வேண்டும் என்று ஒரு வருடமாகவே பேசிக்கொண்டிருந்தோம். விமான டிக்கெட் எடுக்க உட்கார்ந்த அன்றுதான் அந்த ஊரின் மழைக்காலத்தைப் பற்றிப் படித்தேன். நடு வியட்நாமில் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை மழை. அதிலும் அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு கரை தாண்டிப் பழைய ஊரின் தெருக்களுக்குள்ளேயே வந்துவிடும். வீட்டு வாசலில் ஆட்கள் படகிலிருந்து இறங்கும் படங்களைப் பார்த்ததும் தயங்கிவிட்டேன்.

"தேதியா முக்கியம்? நாம ரெண்டு பேரும் நடந்து பார்க்கணும், அதுதானே?" என்றார் என் கணவர். பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளினோம். கல்யாண நாளன்று வீட்டிலேயே இருந்தது எனக்கு வருத்தம்தான். மார்ச்சில் அங்கே போய், காய்ந்த தெருக்களில் வெயில் மஞ்சள் சுவர்கள் மேல் விழுவதைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் மிஞ்சவில்லை. ஆண்டு விழாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் அந்த ஊரின் பருவத்தைக் கேளுங்கள், பிறகு உங்கள் தேதியைப் பாருங்கள் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

மார்ச்சிலும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டோம். சந்திர மாதத்தின் 14-ஆம் நாள், அதாவது பௌர்ணமிக்கு முந்தைய இரவு, ஹோய் ஆனின் பழைய ஊரில் மின்விளக்குகளை அணைத்துவிட்டுத் துணி விளக்குகளை மட்டும் எரிய விடுவார்கள். எங்களுக்கு அதுவே கல்யாண நாள் என்று வைத்துக்கொண்டோம்.

விசா வேலை சுலபமாகவே முடிந்தது. அரசாங்கத்தின் இணையதளத்திலேயே மின்-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு முறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை கொடுக்கிறார்கள். அதே சாயலில் வேறு தளங்களும் இருக்கின்றன, கூடுதலாகக் காசு கேட்கும். கடவுச்சீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்ப வேண்டும். என் பெயரில் அப்பாவின் பெயர் பின்னால் வருகிறது, என் கணவர் பெயரில் முன்னால் வருகிறது. இரண்டையும் நிரப்பி, உட்கார்ந்து மூன்று தடவை சரிபார்த்தேன்.

எனக்கு இருந்த பெரிய கவலை சாப்பாடு. நான் சைவம். அவர் எல்லாம் சாப்பிடுவார், புதிதாக எதையாவது சாப்பிட்டுப் பார்ப்பதற்காகவே ஊர் போகிறவர். எனக்குப் பழைய கட்டடங்கள் போதும். ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பேன். இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன பயணங்களிலெல்லாம் யாராவது ஒருவர் மற்றவருக்காகக் காத்துக்கொண்டிருந்ததுதான் வழக்கம். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று இரண்டு பேர் ஆசையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பட்டியல் போட்டார். ஏழு நாளுக்கு 31 இடங்கள்.

டா நாங் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து 30 கிலோமீட்டர் காரில் ஹோய் ஆன் போய்ச் சேர்ந்தோம். மறுநாளே மீ சோன் கோயில்களுக்குப் பேருந்தில் முன்பதிவு. அதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

மீ சோன் ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா நாட்டு மன்னர்கள் 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நான் இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டதே அதற்காகத்தான். பேருந்து ஒவ்வொரு விடுதியாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எங்களைப் போலவே பத்துப் பன்னிரண்டு பேருந்துகள். வழிகாட்டி கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்குப் பிற்பகல் வேறொரு கூட்டம் காத்திருக்கும்.

என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. பாதி தூரத்திலேயே ஒரு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். கூட்டத்தை விட்டால் வழி தவறும், அவரை விட்டால் மனசு கேட்காது. கோயிலையும் பார்க்கவில்லை, அவர் பக்கத்திலும் இருக்கவில்லை. ஆட்களின் முதுகுகளுக்கு நடுவே தெரிந்த செங்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்று இரவு ஆற்றங்கரையில் ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்து அதிகம் பேசாமல் சாப்பிட்டோம். பேசிய ஒன்றிரண்டு வார்த்தையும் நல்ல வார்த்தை இல்லை. "இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?" என்று நான்தான் கேட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது.

மறுநாள் காலை எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. பழைய ஊருக்கான நுழைவுச் சீட்டு வாங்கினோம். வெளிநாட்டவருக்கு 120,000 டோங். அதில் கிழித்துக் கொடுக்கும் துண்டுகள் இருக்கும். பழைய வீடுகள், சீன வணிகர்களின் சபை மண்டபங்கள், அருங்காட்சியகங்கள் என்று எவை வேண்டுமோ அவற்றுக்கு ஒவ்வொரு துண்டாகக் கொடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டு போதாது. நாமே தேர்ந்தெடுத்தாக வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு அது நல்லதாகவே பட்டது.

முதல் துண்டை டான் கீ வீட்டுக்குக் கொடுத்தோம். 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய வணிகர் வீடு, ஏழு தலைமுறையாக ஒரே குடும்பம் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் ஆற்றங்கரையில். ஒடுங்கிய, நீண்ட வீடு. ஆற்றுப் பக்கம் சரக்கை இறக்கித் தெருப் பக்கம் விற்றிருக்கிறார்கள். நடுவே வானம் பார்த்த முற்றம். தூண்களிலும் உத்தரங்களிலும் சீன வேலைப்பாடும் ஜப்பானிய அமைப்பும் வியட்நாமிய ஓடும் கலந்து கிடக்கின்றன. சுவரில் வெள்ளம் எந்த வருடம் எவ்வளவு உயரம் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டுக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. வெள்ளம் வரும்போது மாடித் தளத்தில் இருக்கும் திறப்பு வழியாகக் கப்பி போட்டுச் சாமான்களை மேலே ஏற்றிவிடுவார்களாம். வருடா வருடம் தண்ணீர் வரும் என்று தெரிந்தும், அதற்குத் தக்கபடி வீட்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார்கள்.

அங்கே கன்பூசியஸ் கோப்பை என்று ஒன்றைக் காட்டினார்கள். சின்னப் பீங்கான் கோப்பை. ஓரளவு வரை தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. அந்த அளவைத் தாண்டி ஊற்றினால், அதிகமான தண்ணீர் மட்டும் வழிவதில்லை. உள்ளே இருப்பது மொத்தமும் அடிவழியாக ஓடிவிடும். உள்ளே வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது, நீர் அதன் மேல்வளைவைத் தொட்டதும் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த வீட்டுப் பெண் ஊற்றிக் காட்டினார். என் கணவர் இன்னொரு முறை காட்டச் சொல்லிக் கேட்டார்.

வெளியே வந்து ஒரு காபிக் கடைத் திண்ணையில் உட்கார்ந்தோம். வியட்நாமில் காபி மெதுவாகத்தான் வரும். டம்ளருக்கு மேல் ஒரு சின்ன உலோக வடிகட்டியை வைத்து, வெந்நீர் ஊற்றி, நம் முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும். அடியில் சுண்டிய இனிப்புப் பால். பிரெஞ்சுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் காபிச் செடியைக் கொண்டுவந்தபோது இங்கே பசும்பால் எளிதில் கிடைக்கவில்லை, அதனால் டப்பாப் பாலோடு தொடங்கிய பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. ரொபஸ்டா கொட்டை என்பதால் கசப்பு அதிகம், அந்த இனிப்பு அதற்குச் சரியாக இருக்கிறது. சொட்டு இறங்கி முடிவதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பேனா கேட்டார்.

மலை உச்சியில் இரண்டு பெரிய கைகள் தாங்கும் பொன் பாலத்தைப் பட்டியலிலிருந்து அடித்தார். கூடைப் படகுச் சவாரி போனது. சமையல் வகுப்பு போனது. கடைசியில் 12 இடங்கள் மிஞ்சின. அடியில் புதிதாக ஒன்றை எழுதினார்: மீ சோன், மறுபடியும், விடியற்காலை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது.

அன்று நாங்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு கடைசி நாள் வரை நின்றது. காலை என்னுடையது. மாலை அவருடையது. மதியம் யாருடையதும் இல்லை. அறைக்குப் போய்ப் படுப்பது. அந்த ஊர்க்காரர்களும் மதியம் தூங்குகிறார்கள், கடைக்காரர்கள் கடையிலேயே மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பயணத்தில் தம்பதிகளுக்குள் வரும் சண்டையில் முக்கால்வாசி பசியிலும் களைப்பிலும் வருகிறது என்பது என் எண்ணம். எங்களுக்குள் அதன் பிறகு சண்டையே வரவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவம் சாப்பிடுகிறவர்கள் வியட்நாம் என்றதும் பயப்படுகிறார்கள். நானும் பை நிறைய நொறுக்குத் தீனி கட்டிக்கொண்டுதான் போனேன். தேவைப்படவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'சாய்'. பௌத்த முறைச் சைவ உணவுக்கு அந்த ஊர்ப் பெயர். 'கோம் சாய்' என்று பலகை இருந்தால் அது முழுச் சைவக் கடை. தட்டில் சோறு வைத்து, வரிசையாக இருக்கும் பத்துப் பதினைந்து கறிகளில் கையைக் காட்டினால் போடுவார்கள். 'தோய் அன் சாய்' என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவள். முட்டையும் கறியும் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் நீட்டி விளக்குவதைவிட இந்த மூன்று சொல் வேலை செய்கிறது, ஏனென்றால் அதன் பின்னால் இருக்கும் விரதத்தை அவர்களுக்குத் தெரியும். சாதாரணக் கடையில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் மீன் சாற்றில் வதக்கியதாக இருக்கும். நுவோக் மாம் என்ற அந்த மீன் சாறு இல்லாமல் அங்கே சமையல் கிடையாது. எனவே மீன் சாறு வேண்டாம் என்று அலைபேசியில் வியட்நாமிய மொழியில் எழுதி வைத்துக் காட்டினேன்.

இன்னொரு விஷயம். சைவக் கடையில் வரும் தட்டைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். முதல் நாள் எனக்கு இறால் மாதிரி சிவந்து வளைந்த ஒன்று வந்தது. எழுந்தே விட்டேன். கடைக்கார அம்மா ஓடிவந்து, சுவரில் இருந்த புத்தர் படத்தைக் காட்டி, தலையை ஆட்டி, கையைப் பிடித்து உட்கார வைத்தார். சோயாவிலும் கிழங்கு மாவிலும் செய்தது. சைவக் கடைகளில் உணவுக்குப் பெயரும் 'கோழி', 'மாடு' என்றே இருக்கும், உருவமும் அப்படித்தான். எனக்கு அந்தச் சாயல் பிடிக்கவில்லை, அதனால் டோஃபு, காளான், வாழைப்பூ என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஹோய் ஆனுக்கே உரியது காவ் லாவ். தடித்த, கொஞ்சம் பழுப்பேறிய அரிசி நூடுல்ஸ், கடிக்கும்போது இழுக்கும். அந்த ஊர் பா லே கிணற்றுத் தண்ணீரும், கடலில் இருக்கும் சாம் தீவின் மரச் சாம்பலைக் கரைத்த காரநீரும் சேர்ந்தால்தான் அந்தப் பதம் வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். மேலே பன்றிக் கறித் துண்டுகள், கீரை, மொறுமொறுவென்று பொரித்த மாவுத் துண்டுகள். அடியில் கொஞ்சமே கொஞ்சம் சாறு. அவர் நான்கு நாளில் ஐந்து கடைகளில் சாப்பிட்டு, சந்தைக்குள் இருந்த கடைதான் முதலிடம் என்று முடிவு சொன்னார். எனக்கு டோஃபு போட்ட சைவக் காவ் லாவ் கிடைத்தது. அந்த நூடுல்ஸின் அருமை அதிலேயே தெரிந்தது.

மஞ்சள் கலந்த அரிசி மாவைச் சட்டியில் ஊற்றும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தாலேயே அதற்கு பான் சேவ் என்று பெயர். முளைப்பயறு வைத்து மடித்து, அரிசித் தாளில் கீரைகளோடு சுருட்டி, சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். எனக்குச் சுருட்டத் தெரியாமல் எல்லாம் கையில் பிரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்துவந்து எனக்கு மூன்று சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பௌர்ணமியை ஒட்டிப் போனதில் நாங்கள் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. சந்திர மாதத்தின் முதல் நாளும் 15-ஆம் நாளும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள். மற்ற நாளில் கறி விற்கும் தள்ளுவண்டியில்கூட அன்றைக்கு 'சாய்' என்று அட்டை தொங்கும். நாங்கள் இருந்த 15-ஆம் நாளில் என் கணவருக்கு வேண்டியதைத் தேடி அலைய வேண்டியிருந்தது, எனக்கு எங்கு திரும்பினாலும் கிடைத்தது. அவர் அன்றைக்கு என்னோடு சைவமே சாப்பிட்டார்.

14-ஆம் நாள் மாலை கூட்டம் மிக அதிகம். ஜப்பானியப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்க இடம் இல்லை. ஆகவே அந்தப் பாலத்தை மறுநாள் காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தோம். ஜப்பானிய வணிகர்கள் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய கூரை போட்ட சிறு பாலம். நடுவே ஒரு கோயில், ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மறுமுனையில் நாய்ச் சிலைகள். பூமிக்கு அடியில் ஒரு பெரும் பிராணி படுத்திருக்கிறதாம். அதன் தலை இந்தியாவில், வால் ஜப்பானில், முதுகு இங்கே. அது புரண்டால் நிலநடுக்கம். அது அசையாமல் இருக்க முதுகில் குத்திய வாள்தான் இந்தப் பாலம் என்று ஒரு கதை. கப்பல் போன கடல்வழி முழுவதையும் அந்தக் கதை ஒரே உடம்பாகப் பார்த்திருக்கிறது. 2024-இல் பழுதுபார்த்துத் திறந்தபோது புதிதாகத் தெரிகிறது என்று சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அந்தக் காலை வெளிச்சத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

14-ஆம் நாள் இரவுக்குத் திரும்புகிறேன். நெரிசலை விட்டு விலகி, ஆற்றின் எதிர்க்கரையில் கீழ்க்கோடிக்கு நடந்து, படிக்கட்டில் உட்கார்ந்தோம். சில வீட்டு வாசல்களில் மேசை போட்டுப் பழம், பூ, ஊதுபத்தி வைத்து முன்னோருக்குப் படைத்திருந்தார்கள். மெழுகுவத்தி ஏற்றிய காகித விளக்குகளை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒன்று வாங்கினோம். அவர் ஏதோ வேண்டிக்கொண்டார், என்ன என்று நான் கேட்கவில்லை.

மீ சோனுக்கு இரண்டாவது முறை தனிக் காரில் போனோம். இருட்டிலேயே கிளம்பினால் கதவு திறக்கும்போது உள்ளே போய்விடலாம். நுழைவுச் சீட்டில் மின்வண்டிச் சவாரியும் சேர்ந்திருக்கிறது, அதனால் அவர் முழங்காலுக்கும் வேலை குறைந்தது. பள்ளத்தாக்கில் பனி இன்னும் விலகவில்லை. எங்களைத் தவிர நாலைந்து பேர்.

முதல் கோயிலைக் கட்டியவர் பத்திரவர்மன் என்ற அரசர், 4-ஆம் நூற்றாண்டு. அவர் நிறுவிய சிவனுக்குப் பத்ரேசுவரன் என்று தன் பெயரையே சேர்த்துப் பெயரிட்டார். அந்த மரக்கோயில் எரிந்துபோய், பிறகு வந்தவர்கள் செங்கல்லில் கட்டினார்கள். 70-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. இன்று எழுந்து நிற்பவை கொஞ்சமே. கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சம்பா மக்களின் பழைய சாம் மொழியிலும் இருக்கின்றன.

செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்துக் கோடு தெரியவில்லை. விரல் நகம்கூட நுழையாது. எதை வைத்து ஒட்டினார்கள் என்பது குறித்து ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மரப்பிசின் என்பது ஒரு கருத்து. பழைய செங்கல் சிவந்து சுத்தமாக இருக்கிறது, பின்னாளில் பழுதுபார்க்க வைத்த செங்கல்லில் பாசி ஏறிவிட்டது. அதைப் பார்த்தே எது பழையது, எது புதியது என்று என் கணவர் சுட்டிக்காட்டிக்கொண்டு வந்தார். கட்டடங்களில் அவருக்கு ஆர்வம் இல்லை என்று 25 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நேரம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

'ஏ' தொகுதிக்கு வந்தோம். அங்கேதான் 'ஏ 1' என்று எண்ணிட்ட கோபுரம் இருந்தது. சம்பா கட்டடக் கலையின் சிகரம் என்று பிரெஞ்சு அறிஞர்கள் போற்றி, அளந்து, வரைந்து வைத்தது. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளில் அது விழுந்தது. இப்போது இருப்பது அடித்தளமும் சிதறிய கற்களும். பக்கத்தில் குண்டு விழுந்த பள்ளங்களில் புல் முளைத்திருக்கிறது. ஆயிரம் வருடம் நின்றது ஒரே நாளில் போனது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அதே தொகுதியில் இந்தியத் தொல்லியல் துறையினர் பழுதுபார்க்கும் பணி செய்தபோது, 2020 மே மாதத்தில் ஒரே கல்லில் செதுக்கிய 9-ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. போருக்குப் பிறகு 1980-களில் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் கஸிமிர்ஸ் க்வியட்கோவ்ஸ்கி இங்கே வந்து, இடிந்தவற்றைத் தாங்கி நிறுத்தினார். 1997-இல் வியட்நாமிலேயே, ஹுவே நகரில் இறந்தார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு முறை கடந்து போயிருந்தோம், யாரென்று தெரியாமல். மீ சோனிலிருந்து திரும்பியதும் மறுபடி போய் நின்றோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மீ சோன் கோயில்களின் உள்ளே பெரும்பாலும் வெறும் சுவர்தான். அங்கிருந்த சிற்பங்களில் சிறந்தவை டா நாங் நகரத்தின் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி 1919-இல் திறந்தது. முதலில் அருங்காட்சியகம், பிறகு மீ சோன் என்று போயிருந்தால் காலியான கருவறைகளுக்குள் யார் இருந்தார்கள் என்று தெரிந்து பார்த்திருப்போம். நாங்கள் தலைகீழாகப் போனோம். அருங்காட்சியகத்தில் டிரா கியூ என்ற இடத்தில் கிடைத்த ஒரு பீடம் இருக்கிறது. அதன் நான்கு பக்கமும் ஓடும் சிற்பங்களை இராமன் வில் முறித்துச் சீதையை மணந்த கதை என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். ஊர்வலம், பரிசுகளைச் சுமந்து வருபவர்கள், ஆடும் பெண்கள். ஒவ்வொரு உருவமும் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பீடத்தைச் சுற்றி இரண்டு பேரும் எதிர்த் திசைகளில் நடந்து ஒரு மூலையில் சந்தித்தோம். கல்யாணக் காட்சி ஒன்றை அங்கே பார்ப்போம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அருங்காட்சியகத்துக்கு வெளியே கரும்புச்சாறு குடித்தோம். இரண்டு டம்ளர் 20,000 டோங். அவர் ஒரு நீலத் தாளைக் கொடுத்துவிட்டு நடந்தார். பின்னால் கூப்பிடும் சத்தம். வயதான அந்தப் பெண், தன் பணக்கட்டிலிருந்து ஒரு 20,000 தாளை உருவி, நாங்கள் கொடுத்த தாளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நாங்கள் கொடுத்தது 500,000. இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம், இரண்டுமே வழவழப்பான பிளாஸ்டிக் தாள். ஒரு டாலருக்கு 25,000 டோங்குக்கு மேல் வரும் நாட்டில் சுழியங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அந்த அம்மா திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து 500,000 தாள்களைத் தனிப் பையில் வைத்தோம், 10,000-ஐயும் 200,000-ஐயும் பிரித்து வைத்தோம். தாளைத் திருப்பிப் பார்ப்பதும் பழக்கமாயிற்று. 20,000-இல் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும், 50,000-இல் ஹுவே.

துணி தைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வரி. ஹோய் ஆனில் ஒரே நாளில் தைத்துத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. போன முதல் நாளே கொடுங்கள், இரண்டு தடவை போட்டுப் பார்க்க நேரம் வேண்டும். நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய மாலை கொடுத்தோம், சட்டைத் தோள் இறுக்கமாகவே வந்தது.

கடைசி இரண்டு நாள் ஹுவே. டா நாங்கிலிருந்து 100 கிலோமீட்டர். காரில் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக விரைவாகப் போய்விடலாம். நாங்கள் ரயிலில் போனோம், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹாய் வான் கணவாயில் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, கீழே காட்டுக்கும் அப்பால் கடல். வடக்கே போகும்போது வலது பக்க இருக்கை கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது இடது.

ஹுவே 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகரம். அரண்மனை வளாகத்தில் 1968 போரில் அழிந்தவை மிக அதிகம். மன்னர் குடும்பம் வாழ்ந்த உள்கோட்டையில் பெரும்பகுதி இன்று வெறும் புல்வெளி. அந்த ஊரில் பௌத்த மடங்கள் நிறைய, அதனால் சைவச் சாப்பாடு ஹோய் ஆனைவிடச் சிறப்பு. சின்னச் சின்ன கிண்ணங்களில் ஆவியில் வேகவைத்த பான் பேவ் என்ற அரிசிப் பண்டத்தைப் பாசிப்பருப்பு தூவி எனக்குத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். அவர் எலுமிச்சைப் புல் மணக்கும் மாட்டுக்கறி நூடுல்ஸ் சூப்பைக் காலையில் ஆறரைக்கே, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவே தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். உப்புப் போட்ட காபியும் அந்த ஊருடையது. நுரைத்த பாலில் துளி உப்பு. எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

கடைசி நாள் பட்டியலில் மூன்று மன்னர் சமாதிகள் மிஞ்சியிருந்தன. முதலில் து டுக் மன்னருடையது. 1864-க்கும் 1867-க்கும் இடையில் கட்டியது. வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்கள் தாங்க முடியாமல் 1866-இல் கலகம் செய்தார்கள். அதன் பிறகு மன்னர் அந்த இடத்தின் பெயரையே 'கியெம்' என்று மாற்றினார், பணிவு என்று பொருள். உள்ளே இருக்கும் வாயில், ஏரி, மண்டபம் எல்லாவற்றின் பெயரிலும் அந்தச் சொல் வருகிறது. அவருக்குப் பிள்ளை இல்லை. மகன் எழுத வேண்டிய நினைவுக் கல்வெட்டைத் தானே எழுதிக்கொண்டார், அதில் தன் குறைகளையும் எழுதினார். உயிரோடு இருந்தபோதே அந்தத் தோட்டத்துக்கு வந்து, ஏரி மேல் மரத்தால் கட்டிய மண்டபத்தில் உட்கார்ந்து கவிதை எழுதுவாராம்.

அந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். கீழே தாமரை இலைகள். அவர் முழங்காலை நீட்டித் தூணில் சாய்ந்துகொண்டார். நான் மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாகத் தூறல் ஆரம்பித்தது, ஏரி முழுவதும் சின்னச் சின்ன வட்டங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. அலைபேசி அடித்தது. கார் ஓட்டுநர், அடுத்த சமாதிக்குக் கிளம்பினால்தான் மூடுவதற்குள் பார்க்கலாம் என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லும்மா" என்றார்.